பத்துமலைக்கு ஒரு நடை: 64,000 காலடிகளின் அறிவியல்

தைப்பூசம் நெருங்கும்போது பண்டமாரானில் ஒரு கேள்வி எழும்: "இந்த வருஷம் நீங்களும் நடக்கிறீங்களா?" கோலாலம்பூர் துன் எச். எஸ். லீ சாலையில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளிரதம் புறப்பட்டு, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் ஊர்ந்து பத்துமலையை அடைகிறது. நம் கிள்ளானிலிருந்து நடப்பவர்களுக்கோ பாதை 40 கிலோமீட்டருக்கும் அதிகம். தமிழ்நாட்டில் செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடியில் கூடி, காவடியோடு பழனிக்குப் பல நாள் நடப்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம்.

பக்தி அவரவர் மனத்தைச் சேர்ந்தது. உடல் என்ன செய்கிறது என்பது அறிவியலைச் சேர்ந்தது. அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லப்போகிறேன்.

முதலில் கணக்கு

பாதை 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஓர் அடியின் நீளம் 0.7 மீட்டர் என்றால், 45,000ஐ 0.7ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 64,000 அடிகள்! ஒவ்வொரு காலும் 32,000 முறை தரையில் பதிகிறது. ஒவ்வொரு முறையும் உங்கள் முழு எடையை அது தாங்குகிறது.

50 கிலோ எடையுள்ள ஒருவர் இந்தத் தூரம் நடக்க ஏறத்தாழ 2,000 கிலோகலோரி ஆற்றல் செலவாகும். அதில் பெரும்பகுதி வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் வெளியேறாவிட்டால் உடல் கொதிகலன் ஆகிவிடும். வெளியேற்றும் வேலையைச் செய்வது வியர்வை. 1 லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால், ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துச் செல்லும்.

"ஆவியானால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். இரவில் அது 90 விழுக்காட்டையும் தாண்டுவதுண்டு. ஏற்கெனவே நீராவி நிறைந்த காற்றுக்குள் வியர்வை எளிதில் ஆவியாகாது. சொட்டித் தரையில் விழும். சொட்டிய வியர்வை நம்மைக் குளிர்விக்காது. உடலோ இன்னும் அதிகமாக வியர்க்கும். நீரும் உப்பும்தான் வீணாகும்.

அப்படியானால் ஏன் பலர் இரவில் நடக்கிறார்கள்? வெயிலின் நேரடிச் சூடு இல்லை என்பது ஒரு காரணம். பாதம் இன்னொரு காரணம். நண்பகல் வெயிலில் தார்ச்சாலை 50 பாகை செல்சியசையும் தாண்டிச் சுடும். செருப்பில்லாமல் நடப்பவர்களின் பாதத்தைப் புண்ணாக்க அது போதும்.

கொப்புளம் எப்படி வருகிறது?

காலணி தோலை ஒரு பக்கம் இழுக்கிறது. உள்ளே எலும்பு இன்னொரு பக்கம் நகர்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தோலின் அடுக்குகள் பிரிந்து, அந்த இடைவெளியில் திரவம் நிறைகிறது. அதுதான் கொப்புளம். வியர்வையில் நனைந்த தோலில் உராய்வு கூடுவதால் அது விரைவாக வரும்.

கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடம் சூடாக எரியும். அப்போதே நின்று, காலைத் துடைத்து, ஒட்டுப்பட்டை போட்டு, காய்ந்த காலுறை மாற்றினால் தப்பிக்கலாம். புதுக் காலணியைப் பயணத்தன்று முதன்முதலாகப் போடவே போடாதீர்கள். வந்த கொப்புளத்தைக் குத்தாதீர்கள். அதன் மேல்தோல்தான் கிருமிகளைத் தடுக்கும் மூடி.

என் தவறு

சில ஆண்டுகளுக்கு முன் அக்கம்பக்கத்தாரும் சில மாணவர்களும் சேர்ந்து மாலையில் நடக்கத் தொடங்கினோம். புறப்படும்போது நான் சொன்னது: "தாகம் எடுத்தாலும் எடுக்காட்டியும் தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க." அறிவியல் ஆசிரியை சொன்னால் கேட்காமல் இருப்பார்களா? படிவம் 4 மாணவன் ஒருவன் அதை அப்படியே கடைப்பிடித்தான். போத்தல் போத்தலாகக் குடித்தான்.

ஷா ஆலமைத் தாண்டியபோது அவனுக்குத் தலைவலி, குமட்டல். "ஒன்னுமில்ல டீச்சர்" என்றான். அவன் பக்கத்தில் நடந்த சித்தப்பா மகன்தான் என்னிடம் ஓடி வந்தான். "டீச்சர், இவன் ஒரே கேள்விய மூணு தடவ கேட்டுட்டான்." நான் உடனே இன்னொரு போத்தலைத் திறந்து நீட்டினேன். எங்களுடன் வந்த, தாதியாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கொடுக்காதீங்க. எத்தனை போத்தல் குடிச்சான்னு மொதல்ல கேளுங்க."

யாருக்கும் எண்ணிக்கை தெரியவில்லை. பின்னால் வந்த வேனில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. தக்க நேரத்தில் போனதால் மறுநாளே தேறிவிட்டான். அந்த அக்கா இல்லாதிருந்தால் என் கையாலேயே அவன் நிலையை மோசமாக்கியிருப்பேன். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கை நடுங்கும்.

தண்ணீரே ஆபத்தாவது எப்படி?

இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. ஈடுசெய்ய வெறும் நீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் சோடியம் நீர்த்துப்போகும். சாதாரண நேரத்தில் சிறுநீரகம் மிகை நீரை வெளியேற்றிவிடும். நீண்ட நேர உழைப்பின்போதோ வாசோபிரெசின் என்னும் ஹார்மோன் கூடி, நீரை உள்ளேயே பிடித்து வைக்கும்.

இப்போது படிவம் 4 உயிரியலில் நீங்கள் படிக்கும் ஒஸ்மோசிஸ், அதாவது சவ்வூடு பரவல், வேலையைத் தொடங்குகிறது. உப்பு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்திற்கு நீர் போகும். இரத்தத்தைவிட உயிரணுக்களுக்குள் செறிவு கூடுதலாக இருப்பதால், நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவை வீங்கும். கை கால் வீங்கினால் இடமிருக்கிறது. மண்டையோட்டுக்குள் மூளை வீங்கினால் இடமேது? தலைவலியும் குழப்பமும் அதனால்தான். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஆய்வு செய்யப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்கு இப்படிச் சோடியம் குறைந்திருந்தது.

எனவே தாகத்திற்கு ஏற்பக் குடியுங்கள். இடையிடையே உப்பும் உணவும் சேருங்கள். தண்ணீர்ப் பந்தலில் தரும் உப்புப் போட்ட மோரை நம் பாட்டிமார் காரணமில்லாமலா கொடுத்தார்கள்?

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. நீர் குறைந்து, உடல் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டினால் வெப்பத்தாக்கு. அதிலும் குழப்பம் வரும். தோல் நெருப்பாகச் சுட்டால் நிழலுக்குக் கொண்டுபோய், உடலை நனைத்து விசிறுங்கள். காரணம் எதுவாயினும், நடப்பவர் குழம்பிப் பேசினால் 999ஐ அழைப்பதில் தாமதம் கூடாது.

நண்பன் என்னும் கருவி

இரண்டு ஆபத்திலும் பொதுவானது என்ன? பாதிக்கப்படுவது மூளை. தான் சரியாக இருக்கிறோமா என்று சோதிக்க நம்மிடம் இருப்பதும் அதே மூளைதான். பழுதான தராசு தன் பழுதைத் தானே எடை போட முடியுமா? அதனால்தான் "ஒன்னுமில்ல" என்ற பதிலை நம்பக் கூடாது. பக்கத்தில் நடப்பவரின் கண்தான் நம்பகமான கருவி.

1997 மே 23 அன்று எம். மகேந்திரனும் என். மோகனதாசும் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்கள் ஆனார்கள். அந்த உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். உயிர்வாயு குறைந்த மூளை தவறாக முடிவெடுக்கும். அது தவறு என்றும் அதற்குத் தெரியாது. ஆகவே அங்கே ஏறுபவர்கள் குழுவாகவே இயங்குகிறார்கள்.

தோழமைக்கு இன்னொரு பயனும் உண்டு. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகள் 12 பேர் தனியாகவும் குழுவாகவும் துடுப்புப் பயிற்சி செய்தார்கள். ஒரே அளவு உழைப்புதான். ஆனால், சேர்ந்து செய்த பிறகு வலியைத் தாங்கும் திறன் கூடுதலாக இருந்தது. மூளை சுரக்கும் எண்டார்ஃபின் காரணமாகலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. "வேல் வேல்" என்று கூட்டமாகக் குரல் கொடுத்து நடப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

கடைசியாக 272 படிகள்

மறுநாள் தொடை வலிப்பது ஏறியதைவிட இறங்கியதால்தான். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. லேக்டிக் அமிலம்தான் காரணம் என்பது பழைய நம்பிக்கை. அது சிறிது நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். வலியோ ஓரிரு நாளில் உச்சத்தை அடைந்து, தானே குறையும்.

இப்போதெல்லாம் புறப்படும் முன் எங்கள் குழுவை இருவர் இருவராகப் பிரிக்கிறோம். ஒருவர் குடித்த போத்தல்களை மற்றவர் எண்ண வேண்டும். மணிக்கொருமுறை முகத்தைப் பார்த்துப் பேச்சுக் கொடுக்க வேண்டும். மிக மெதுவாக நடப்பவர் முன்னால். அவர் வேகமே எல்லாருடைய வேகம். அடுத்த ஆண்டு அதே மாணவன் மீண்டும் நடக்க வந்தான். அவனுடைய போத்தல்களை எண்ணும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.