ஏசி கூலிங் குறைஞ்சா உடனே கேஸ் போடாதீங்க! முதல்ல இந்த 450 ரூபாய் ஃபில்டரைப் பாருங்க

ஆடிட் வேலையா நான் அடிக்கடி கும்மிடிப்பூண்டி சிப்காட் போய்ட்டு வருவேன். போன மே மாசம் கவரைப்பேட்டை தாண்டும்போது கார் ஏசி சுத்தமா கூல் ஆகல. ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன். "கேஸ் கம்மி சார்"னு சொல்லி 2,800 ரூபாய் வாங்கினார். பத்து நாள்கூட ஆகல, பழைய கதைதான்.

அடுத்து பார்த்தவர் கிளவ் பாக்ஸைக் கழட்டி, பின்னாடி இருந்த கேபின் ஃபில்டரை உருவினார். கரி பூசின மாதிரி இருந்தது. 450 ரூபாய்க்குப் புதுசு போட்டதும் காத்து பிச்சுக்கிட்டு வந்துச்சு. அந்த 2,800 ரூபாய் தண்டம்.

ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் இல்ல. மூடின குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். சீக்கிரமே குறையுதுன்னா எங்கயோ லீக். லீக்கை அடைக்காம கேஸ் மட்டும் நிரப்பினா, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதைதான்.

பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி நீங்களே செக் பண்ணலாம். புளோயரை ஃபுல்லா வைங்க.

- சத்தம் பெருசா இருக்கு, காத்து மட்டும் கம்மியா வருதா? முதல் சந்தேகம் ஃபில்டர் மேல.
- காத்து நல்லா வருது, ஆனா குளிரலையா? அப்போதான் கேஸ், கம்ப்ரசரைப் பார்க்கணும்.
- ஓடும்போது குளிருது, சிக்னல்ல நின்னா குளிரலையா? கண்டென்சர், அதோட ஃபேனைப் பார்க்கச் சொல்லுங்க.

சர்வீஸ் மேனுவல்ல போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு சாதாரண ரோட்டுக்கு. தூசி அதிகமான இடத்துல அதுக்கு முன்னாடியே மாத்தணும்னு பெரும்பாலான மேனுவல்லயே இருக்கும். இரும்பு உருக்கு ஆலைகள், கொல்கத்தா ஹைவே முழுக்க லாரி, அது கிளப்புற புழுதி. தினமும் இந்த வழியா வேலைக்குப் போறவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க. சாதா ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும். கெமிக்கல் வாடை குறையணும்னா கார்பன் ஃபில்டர் கேளுங்க, விலை கொஞ்சம் கூட. சில பேஸ் மாடல்கள்ல ஃபில்டரே இருக்காது, அதையும் பார்த்துக்கோங்க.

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம். வருஷத்துக்கு ரெண்டு ஃபில்டர், 900 ரூபாய். மாசத்துக்கு 75. கார் வாங்கும்போது இஎம்ஐயை மட்டும் பட்ஜெட்ல எழுதுறோம், இதை எழுதுறதில்ல. அதனாலதான் சர்வீஸ் பில் வந்ததும் கிரெடிட் கார்டை நீட்டுறோம்.

அடுத்த சர்வீஸ்ல எஸ்டிமேட்டை ஒவ்வொரு வரியா படிங்க. "ஏசி ட்ரீட்மென்ட்"னு இருந்தா அதுல என்னென்ன செய்வாங்கன்னு கேளுங்க. ஃபில்டர் மாத்தினா பழசைக் காட்டச் சொல்லுங்க. ஜிஎஸ்டி பில் வாங்கி வைங்க.

இன்னைக்கு சாயங்காலமே கிளவ் பாக்ஸைத் திறந்து பாருங்க. உங்க ஃபில்டர் என்ன கலர்ல இருக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க.