வெயிலில் ஒரு 'கட்டிங்' டீ கிளாஸ் ஹைட்ரஜன்
புனே ஆய்வுக்கூடத்தில் செய்த துளைப் பொடி

செம்பூர் ஆர்.சி.எப். உரத் தொழிற்சாலையைத் தெரியாத மும்பைத் தமிழர் இருக்க முடியாது. 1965-ல் ஓடத் தொடங்கிய ஆலை அது. அங்கே யூரியா செய்ய அம்மோனியா வேண்டும். அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். பக்கத்து மாகுல் எண்ணெய் ஆலைகளிலும் டீசலில் உள்ள கந்தகத்தை நீக்குவது ஹைட்ரஜன்தான்.

இது இப்போது இயற்கை எரிவாயுவில் இருந்து எடுக்கப்படுகிறது. 1 கிலோ ஹைட்ரஜனுக்கு சுமார் 10 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. நாட்டுக்குத் தேவையான எரிவாயுவில் ஏறக்குறைய பாதி வெளிநாட்டில் இருந்து கப்பலில் வருகிறது. அங்கே விலை ஏறினால் இங்கே உர மானியச் சுமையும் ஏறும்.

தண்ணீரில் இல்லாத ஹைட்ரஜனா? 9 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ இருக்கிறது. பிரிப்பதுதான் கஷ்டம். 1972-ல் ஜப்பானின் புஜிஷிமா, ஹோண்டா இருவரும் டைட்டானியம் ஆக்சைடு மீது ஒளியைப் பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டினார்கள். வெள்ளை பெயிண்டில் சேர்க்கிற பொருள்தான் அது. ஆனால் புற ஊதாக் கதிர் மட்டுமே அதற்குப் பயன்படும். வெயிலில் அது மிகக் கொஞ்சம்.

சல்லடை போன்ற பொடி

2005-ல் அமெரிக்காவில் உமர் யாகி குழுவினர், உலோகமே இல்லாமல் கார்பன் போன்ற லேசான அணுக்களைக் கோர்த்து, சல்லடை போல் ஒழுங்கான துளைகள் கொண்ட பொடியைச் செய்தனர். 1 கிராம் பொடியின் துளைச் சுவர்களை விரித்துப் போட்டால் சில கபடி ஆடுகளங்களை மூடிவிடும்! ஆனால் அந்த முதல் பொடிகள் தண்ணீர் பட்டால் சிதைந்தன.

2012-ல் புனே தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தில் ராகுல் பானர்ஜி குழுவினர், கொதிநீருக்கும் அமிலத்துக்கும் அசையாத பொடி செய்தனர். 2014-ல் அவ்வகைப் பொடியைக் காட்மியம் சல்பைடுடன் சேர்த்தார்கள். ஒளி பட்டதும் கிளம்பும் எலக்ட்ரான், வீணாகத் திரும்பிவிடாமல் தண்ணீரோடு வேலை செய்ய இந்தச் சேர்க்கை உதவுகிறது.

பலன்? காட்மியம் சல்பைடு மட்டும் இருந்தபோது 1 கிராமுக்கு மணிக்கு 124 மைக்ரோமோல் ஹைட்ரஜன் வந்தது. அரை ஸ்பூன் வாயு. சேர்த்த பிறகு 3,678. ஒரு 'கட்டிங்' டீ கிளாஸ் நிறையும்.

என்ன தடை?

சோதனை நடந்தது விளக்கொளியில். காட்மியம் விஷம். எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுத் தான் அழியும் ஒரு பொருளையும் தண்ணீரில் கலக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு தீராமல் ஆலை வாசலுக்கு இது வராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. யூரியா செய்யக் கரியமில வாயுவும் வேண்டும். எரிவாயுவில் இருந்து ஹைட்ரஜன் எடுக்கும்போது வெளிவரும் வாயுவே இப்போது அதற்கு உதவுகிறது. ஹைட்ரஜன் வெயிலில் கிடைத்தால், உர ஆலை கரியமில வாயுவை வேறு இடத்தில் தேட வேண்டும்.