பெயிண்ட் அடித்த பிறகு ஒட்டலாமா?



ஊட்டி மலை ரயிலைப் போல ஒரு பிளாஸ்டிக் மாடல் செய்கிறாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு அழகாக நீல பெயிண்ட் அடித்தாய். காய்ந்ததும் பசை தடவிக் கூரையை ஒட்டினாய். மறுநாள் தூக்கினால், கூரை மட்டும் கையோடு வந்துவிட்டது!

"பசை மோசம்" என்று திட்டாதே. பிரிந்த இடத்தை உற்றுப் பார். பெயிண்ட் தோலாக உரிந்து பசையோடு போயிருக்கிறதா? அப்படியானால் பசை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அது பெயிண்டைப் பிடித்தது. பிளாஸ்டிக்கைத் தொடவே இல்லை.

இந்த மாடல்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அதன் மூலக்கூறுகள் இடியாப்ப இழை போல நீளமானவை. மாடலுக்கென்றே விற்கும் பிளாஸ்டிக் சிமெண்ட்டைத் தடவினால் இரு பக்கத்து மேல்பரப்பும் இளகும். அழுத்திப் பிடித்தால் இந்தப் பக்கத்து இழை அந்தப் பக்கத்து இழையோடு பின்னிக்கொள்ளும். பிறகு திரவம் ஆவியாகிப் பறந்துவிடும். இரண்டு துண்டும் ஒரே துண்டாகிவிடும்!

புரிகிறதா? நடுவில் பெயிண்ட் இருந்தால் இழைகள் எப்படிப் பின்னும்? அதனால், ஒட்டும் இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டிவிட வேண்டும்.

ஃபிலிம் தயாரிப்பதற்காக ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பார். அந்தக் காலத்தில் சினிமா எடிட்டர்கள் ஃபிலிமை ஒட்டியதும் இதே முறையில்தான். படம் பதிந்த மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு, அடியிலுள்ள பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டுவார்கள்.

சுரண்டவே முடியாத இடமா? ஃபெவிக்விக் போன்ற பசையை ஒரே ஒரு சொட்டு விடலாம். ஆனால் அந்த ஒட்டு, பெயிண்டின் பிடி அளவுக்குத்தான் நிற்கும். கைப்பிடி போன்ற எடையில்லாத துண்டுகளுக்கு அது போதும்.

ஃபெவிக்விக் போன்ற பசையை இறுக வைப்பது ஈரம். குன்னூரில் மூடுபனி இறங்கிய நாளில் மளமளவென்று இறுகிவிடும். அதன் ஆவி பக்கத்தில் வெள்ளையாகப் படியும். அதனால் கண்ணாடி போன்ற ஜன்னல்களுக்கு இது வேண்டாம். காய்ந்தால் தெளிவாகிவிடும் ஃபெவிகால் போதும்.

பிளாஸ்டிக் சிமெண்ட் நேர்மாறு. குளிரில் அதன் திரவம் மெதுவாகத்தான் ஆவியாகும். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டுவிடு. பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள். ஜன்னலைத் திறந்து வை. கணப்பு அருகே கொண்டு போகாதே, தீப்பிடிக்கும்.

இப்போது ஒரு சோதனை. மாடல் துண்டுகளைப் பிரித்தெடுத்த பிறகு வெறும் சட்டம் மிஞ்சும் அல்லவா? அதில் நான்கு துண்டு வெட்டு. இரண்டுக்குப் பெயிண்ட் அடித்துக் காயவிட்டு, பிளாஸ்டிக் சிமெண்ட்டால் ஒட்டு. இரண்டை அப்படியே ஒட்டு. மறுநாள் பிரித்துப் பார். இனி எந்தப் பசையைக் கையில் எடுத்தாலும், "இது எதைத் தொடப் போகிறது?" என்று முதலில் கேள், என் குட்டி விஞ்ஞானியே!