கீஸரை மாற்றுவதா, காயிலை மாற்றுவதா?

பெங்களூரு வைட்ஃபீல்டில் கீஸரிலிருந்து கழற்றிய காயிலைக் கையில் வாங்கிப் பார்த்தால், பாதிக் கதை அதிலேயே இருக்கும்: கல் போல இறுகிய வெள்ளை உப்பு. போர்வெல்லையும் டேங்கர் லாரியையும் நம்பி வளர்ந்த பகுதி இது. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூடேறியதும் பிரிந்து காயிலின் மேலேயே படிகிறது. உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் காயில் கருகுகிறது. ஆகவே ‘வாங்கி எட்டு வருஷமாச்சு, மாத்திடலாம்’ என்று வயதை மட்டும் பார்ப்பது இங்கே சரிவராது. பார்க்க வேண்டியது உள்தொட்டியை. காயில், தெர்மோஸ்டாட், கேஸ்கெட் எல்லாம் மாற்றக்கூடியவை. காயில் மாட்டும் இடத்தில் கசிந்தால் கேஸ்கெட்டோடு வேலை முடிந்துவிடலாம். தொட்டியே அரித்துக் கசிந்தால் ஒட்டுப்போடுவது வீண், புதிது வாங்குவதே வழி. அந்த அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொள்ளத்தான் உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கிறது. சர்வீஸுக்கு வருபவரிடம் அதைக் காட்டச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு.

புதியது மின்சாரம் மிச்சப்படுத்துமே என்பார்கள். 15 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 0.7 யூனிட் வேண்டும். கீஸர் பழையதானாலும் புதியதானாலும் இந்தக் கணக்கு மாறாது. நட்சத்திரக் குறி சொல்வது, சூடான நீர் சும்மா இருக்கையில் இழக்கும் வெப்பத்தை. நாள் முழுக்க சுவிட்சை அணைக்காத வீட்டில் அது பெரிய தொகை. குளிக்கும் முன் மட்டும் போடுகிற வீட்டில் சில்லறை. பாதுகாப்பு பற்றிய அச்சம் வேறு, அதில் நியாயம் உண்டு. தெர்மோஸ்டாட்டும் அழுத்த வால்வும் சரியாக இயங்காமல், எர்த்தும் இல்லாமல் ஒரு கீஸரை ஓட்டக்கூடாது. ஆனால் இவையும் சரிசெய்யக்கூடியவையே.

மொட்டை மாடி சோலார் ஹீட்டருக்கும் இதே அளவுகோல்தான். கர்நாடக அரசு 2007-ல் புதுக் கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியதால், வயதான அமைப்புகள் இங்கே ஏராளம். கண்ணாடிக் குழாயின் அடியில் வெள்ளி போல மின்னும் பூச்சு பால்வெள்ளையானால் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அந்த ஒரு குழாயை மாற்றினால் போதும். காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. ஆனாலும் தொட்டியில் காவிரியோடு போர்வெல்லும் டேங்கரும் கலக்கிற அடுக்ககங்களில், புதுக் கீஸருக்குப் பணம் கட்டுமுன் குளியலறைக் குழாய் நீரின் கடினத்தன்மையைச் சோதிப்பது நல்லது. குடிநீர்த் தரம் விரும்பும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் இல்லையென்றால் 600 வரை அனுமதி. அந்த 600 குடிப்பவருக்கான சலுகை, காயிலுக்கானது அல்ல.