கண்மாய் விராலும் இறகுத் தூண்டிலும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். அந்த நாட்களில் புதுக்கோட்டைச் சீமையில் நீர் தங்கிய கண்மாய்ப் பக்கம் போனால், தூண்டில்காரர்களின் கண்ணெல்லாம் விரால் மீதுதான்.

விராலுக்குத் தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் மட்டும் போதாது. மேலே வந்து காற்றையும் விழுங்கியாக வேண்டும். அப்போது எழும் குமிழியை வைத்தே இடம் குறிப்பார்கள். அல்லிக்கொடி அடர்ந்த ஓரத்தில் பதுங்கிக் கிடந்து, தத்திப் போகும் தவளையை ஒரே பாய்ச்சலில் கவ்வும் மீன் இது. ரப்பர் தவளையைக்கூட விடாது! அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீனை இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சியால் பிடிப்பதும் இதே வித்தைதான். மாசிடோனியர்கள் சிவப்புக் கம்பளி நூலோடு சேவல் இறகைக் கட்டி மீன் பிடித்ததை, சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய எழுத்தாளர் ஏலியன் எழுதிவைத்திருக்கிறார்.

தூண்டில் போடும் நேயர்களே, செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே துள்ளினால் அங்கே மட்டும் வீசாதீர்கள். அடியில் காவல் நிற்பது பெற்ற விரால். அதைப் பிடித்துவிட்டால், குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.