வைரஸ் பட்டியலே போலியானால்?

வைரஸ் ஸ்கேனருக்குத் தானாக எதுவும் தெரியாது. எதைப் பிடிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது, அடிக்கடி தரவிறங்கும் ஒரு டேட்டாபேஸ் கோப்புதான். அதில் சில வரிகளை நீக்கிவிட்டால், ஸ்கேனர் வழக்கம்போல ஓடி முடித்து ‘பாதிப்பு இல்லை’ என்று அறிவிக்கும். அந்தப் பொய்யை நம்பி ஒரு அலுவலகமே நிம்மதியாக இருக்கும்.

ஆனால் கோப்பு அசலா என்று பார்க்கும் வேலை, ஹாஷ் எண்ணை ஒப்பிடுவதோடு பல இடங்களில் முடிந்துவிடுகிறது. வழியில் கோப்பு சிதையவில்லை என்பதற்குத்தான் ஹாஷ் சாட்சி. அனுப்பியவர் யார் என்பதற்கு அல்ல. 2016 பிப்ரவரியில் பிரபலமான ஒரு லினக்ஸ் பதிப்பின் தளத்துக்குள் புகுந்தவர்கள், தரவிறக்கச் சுட்டியைத் திருப்பியதோடு அங்கிருந்த ஹாஷையும் தங்கள் கோப்புக்கு ஏற்ப மாற்றிவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்த்தவருக்கும் எண் பொருந்தியிருக்கும். ‘எச்டிடிபிஎஸ் இருக்கிறதே’ என்பார்கள். அது பாதையைக் காக்கும். சர்வரே கைமாறிய பிறகு அதனால் பயனில்லை. டிஜிட்டல் கையொப்பம் ஒன்றே இங்கே நிற்கும். திறந்த மூல ஸ்கேனரான கிளாம்ஏவியின் டேட்டாபேஸ் கோப்பில் முதல் 512 பைட் தலைப்புப் பகுதி: உருவான நேரம், பதிப்பு எண், வைரஸ் அடையாளங்களின் எண்ணிக்கை, எம்டி5 ஹாஷ், கையொப்பம் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கையொப்பத்தைச் சோதிக்கும் பொதுச் சாவி மென்பொருளுக்குள்ளேயே இருப்பதால், சர்வரைப் பிடித்துவிட்டதால் மட்டும் யாராலும் ஏமாற்ற முடியாது. கையொப்பமிடும் சாவியே திருடுபோகலாம் என்பது நியாயமான மறுப்புதான். ஆனாலும் அது அரிது.

எனக்குப் பெரிய கவலை வேறு: அசலான பழைய கோப்பு. மூன்று மாதத்துக்கு முந்தைய கோப்பிலும் கையொப்பம் செல்லும். புதியதைத் தடுத்து அதையே திரும்பத் திரும்பக் கொடுப்பவர், ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் ஸ்கேனரைக் குருடாக்கிவிடலாம். இணையத்தில் இருக்கும் கணினி, அண்மைப் பதிப்பு எண்ணை டிஎன்எஸ் வழியே கேட்டுத் தெரிந்துகொள்ளும். பென்டிரைவில் கோப்பு வரும் மூடிய நெட்வொர்க்குகளுக்கு அந்த வழி இல்லை. டேட்டாபேஸ் 7 நாளுக்கு மேல் பழையதானால் கிளாம்ஏவி எச்சரிக்கும். ஆனால் ஸ்கேனை நிறுத்தாது. குறிப்பிட்ட நாளுக்குமேல் பழையதை ஏற்க மறுக்கும் அமைப்பும் அதில் உண்டு. நிறுவும்போது அது அணைந்தே இருக்கிறது. மூடிய நெட்வொர்க்கை நடத்துபவர் அதை இன்றே இயக்கிவிட வேண்டும்.