பலகைமேல் ஒரு போர்க்களம்

போரைப் பாடுபொருளாக்கிய தமிழர் அதனை விளையாட்டாகவும் வகுத்தனர். தொல்காப்பியர் ஆநிரை கவரும் வெட்சி முதலாகப் போரின் நிலைகளைத் திணைகளாக வரன்முறைப்படுத்தினார். திண்ணைகளிலும் கோயில் தளங்களிலும் கீறப்பட்ட ஆடுபுலி ஆட்டக் கட்டங்களோ, எழுத்தறியாச் சிறுவர்க்கும் போரின் நுட்பம் ஒன்றைக் கற்பித்தன. புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி தாவி வெட்டும். ஆட்டால் வெட்ட இயலாது. ஆயினும் ஆடுகள் கூடி வழியடைப்பின் புலி முடங்கும். வலிமையில் ஒவ்வாத இரு தரப்பினர் எதிர்நிற்கும் போரின் இலக்கணம் இதுவேயாம்.

நால்வகைப் படையைக் குறிக்கும் சதுரங்கம் பாரசீகம் வழியே அரபு நாடுகளை அடைந்து ‘ஷத்ரஞ்ச்’ எனப் பெயர் பெற்றது. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அஸ்ஸூலி அவ்வாட்டம் பற்றி நூலே இயற்றினார். எனினும், சதுரங்கத்தில் இரு படைகளும் சமம். பகைவன் காய்கள் அனைத்தும் நம் கண்முன் நிற்கும். மெய்ப்போரில் இவ்விரண்டும் வாய்ப்பதில்லை.

இக்குறையை நீக்க முனைந்தவர் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ். 1824இல் அவர் வெளியிட்ட போராட்டத்தில் நிலப்படமே பலகை. பகைவன் இருக்குமிடத்தை நடுவர் மட்டுமே அறிவார். போரின் தற்செயலைப் பகடை குறித்தது. அமெரிக்கரான சார்லஸ் ராபர்ட்ஸ் 1954இல் இதனைப் பொதுமக்களுக்குரிய பலகை விளையாட்டாக்கினார். 1958இல் கெட்டிஸ்பர்க் என்னும் வரலாற்றுப் போரையே ஆட்டமாக வகுத்தார். பின்னர் அறுகோணக் கட்டங்கள் வழக்கிற்கு வந்தன.

நம் மண்ணின் களம்

உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டை நாம் அறிந்த அளவிற்கு, காஞ்சிக்கு அண்மையிலுள்ள புள்ளலூரை அறிந்தோமில்லை. மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறும் ஊர் அது. அங்கேதான் 1780 செப்டம்பர் 10 அன்று ஐதர் அலியும் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை முற்றாக வென்றனர்.

அப்போரைப் பலகையில் வகுத்துப் பார்ப்போம். ஒரு சுற்று ஒரு நாள் எனக் கொள்வோம். ஆகஸ்ட் 25இல் பெய்லி கொற்றலை ஆற்றை அடைகிறார். அன்றே கடக்காமல் வடகரையில் தங்குகிறார். இரவில் வெள்ளம் பெருகுகிறது. செப்டம்பர் 3 வரை அவர் காய் நகராது. காஞ்சியில் காத்திருக்கும் தளபதி மன்றோவோ, உணவுப் பொருளையும் பெரும் பீரங்கிகளையும் விட்டு நகரத் துணியவில்லை. செப்டம்பர் 6இல் திப்பு பெரம்பாக்கத்தில் பெய்லியைத் தாக்குகிறார். மன்றோ ஏறத்தாழ ஆயிரம் வீரரை மட்டும் துணைக்கு அனுப்புகிறார். பத்தாம் நாள் காலை ஐதரின் பெரும்படையும் திப்புவுடன் சேர்கிறது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடிக்கின்றன, பெய்லி சரணடைகிறார்.

வெற்றி தோல்வியை இங்கு உறுதி செய்தது யாது? எண்ணிக்கை மட்டுமன்று, காலமும் செய்தியுமே. ஐதர் இரு பகைப் படைகளுக்கும் இடையில் நின்றார். அவை இணையுமுன் ஒன்றை அழித்தார். நூலில் இதனை ஒரு வரியில் கடந்து விடுகிறோம். மன்றோவின் இடத்தில் அமர்ந்து, பெய்லி எங்குள்ளார் எனத் திண்ணமாக அறியாமல் காயை நகர்த்தும்போதுதான், முடிவெடுத்தலின் சுமை விளங்கும். ‘ஏன் செல்லவில்லை?’ என்று பழிப்பது எளிது, ‘யான் சென்றிருப்பேனா?’ என்று வினவுவதே வரலாற்றுக் கல்வி.

பலகை சொல்லாதது

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. ஆட்டம் முடிந்தபின் காய்களைப் பெட்டியில் இட்டு நாளை மீண்டும் எடுக்கலாம்; களத்தில் வீழ்ந்தோர் எழார். பெய்லியின் படையில் பெரும்பகுதியினர் இந்நாட்டுச் சிப்பாய்களே. மறு ஆண்டு அதே களத்தில் நிகழ்ந்த போரில் மடிந்த ஆங்கில அதிகாரிகளுக்குப் புள்ளலூரில் நினைவுத் தூண்கள் உள்ளன. இருபுறமும் நின்று மாய்ந்த நம் நாட்டு எளிய வீரர்க்கோ பெயர் பொறித்த கல் இல்லை. நடுகல் நட்டு வீரனின் பெயரும் பீடும் எழுதிய மரபு நம்முடையது. பலகையில் ஒரு காயை அகற்றும் போதெல்லாம் அது பல நூறு குடும்பங்களின் இழப்பு என்பதை உணர்வோமாயின், அவ்விளையாட்டு நம்மைப் போருக்கு அன்று, அமைதிக்கே ஆயத்தம் செய்யும்.